தோட்டத்து பொடியன்கள்கிட்ட மாத்திரை பழக்கம் வந்துருச்சு, செமினார் வச்சும் சரிவரல, வேற என்ன செய்யலாம்?

பொகவந்தலாவ பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், ஹட்டன் டவுன்ல கடையில வேலை, ஞாயித்துக்கிழம மட்டும்தான் முழுசா வீட்டுல இருப்பேன். கோயில் கொமிட்டியிலயும் இருக்கேன். திருவிழாவுக்கு முன்ன கோயில் பின்பக்கம் தண்ணி டேங்க் கிட்ட புல்லு வெட்டி துப்புரவு பண்ணினோம், அங்க வெறும் மாத்திரை கார்ட் ஒரு கை நிறைய கெடந்துச்சு. யாரோ வெளியாள் வந்து போட்டுட்டு போயிருக்கான்னு நினைச்சேன். அடுத்த வாரம் எங்க பெரியம்மா என்னைய கூப்பிட்டு ஒரு கார்ட்ட காட்டுது, "இது நான் பிரஷருக்கு போடுறது மாதிரி இல்லியே தம்பி"ன்னு. அது பேரனோட கொம்பாஸ் பெட்டிக்குள்ள பாகைமானிக்கு கீழ நாலா மடிச்சு இருந்திருக்கு. பொடியனுக்கு 15 வயசு, தரம் 10. டேங்க் கிட்ட கெடந்த அதே கார்ட்.

மெதுவா விசாரிச்சா, வலிக்கும் வலிப்புக்கும் டொக்டர் எழுதிக் குடுக்கிற ப்ரீகாபலின் கெப்சியூல். டவுன்ல ஒருத்தன் கார்ட்ட வெட்டி ஒன்னு ஒன்னா விக்கிறானாம். எங்க மூணு லயத்துலயும் (வரிசை வீடுங்க) சேர்த்து ஒரு ஏழெட்டு பேர் இருப்பாங்க, எல்லாம் 14ல இருந்து 17க்குள்ள. பெரியவங்க குடிக்கிற கசிப்பு, அதான் கள்ளச்சாராயம், தனி கத, அது எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு. இது புதுசு, வாசம் வராது, கண்ண பார்த்தாதான் தெரியும்.

கொமிட்டில பேசி ஒரு விழிப்புணர்வு கூட்டம் வச்சோம். வெளிய இருந்து ஆள் வந்து 2 மணித்தியாலம் பேசினாங்க, அழுகிப்போன நுரையீரல், ஈரல் படம் எல்லாம் காட்டினாங்க, எல்லாரும் கைய நீட்டி சத்தியம் பண்ணினோம், டீயும் பனிசும் குடுத்து போட்டோ எடுத்துட்டு போயிட்டாங்க. பேனர புடிச்சுக்கிட்டு முன்னுக்கு நின்ன பொடியன்தான் அடுத்த வெள்ளிக்கிழம பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தான்.

இப்ப தலைவர் பொலிஸுக்கு சொல்லுங்கன்னு சொல்றாரு, அப்பாமாருங்க பெல்ட்ட கழட்டுறாங்க. எனக்கு ரெண்டுமே சரியா படல. காசு இல்ல, ஆபீஸ் இல்ல, ஒரு தோட்டத்து ஆளுங்களா சேர்ந்து என்ன செய்யலாம்? செஞ்சு பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.

ஹட்டன் டீச்சர்:

தம்பி, முதல்ல ஒரு ஆறுதல், கூட்டம் சரிவராதது உங்க குத்தம் இல்ல. பயம் காட்டி ஒரு நாள் பேசிட்டு போறது வேலை செய்யாதுன்னு உலகம் முழுக்க பார்த்தாச்சு. அமெரிக்காவுல 1983ல லாஸ் ஏஞ்சலிஸ்ல பொலிஸ்காரங்களயே வகுப்புக்கு அனுப்பி போதைப்பொருள் பாடம் எடுக்கிற டேர்ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, நாடு பூரா பரவிச்சு, பின்ன ஆராய்ச்சி பண்ணி பார்த்தா அந்த பாடம் படிச்ச பிள்ளைங்களுக்கும் படிக்காத பிள்ளைங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஐநாவோட போதைப்பொருள் அலுவலகம் 2013ல தடுப்பு வேலைக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு, 2018ல உலக சுகாதார நிறுவனத்தோட சேர்ந்து திரும்ப போட்டுச்சு, அதுலயும் இததான் சொல்றாங்க: பயமுறுத்துற பேச்சு, வெறும் நோட்டீஸ், முன்ன பாவிச்சவர மேடையேத்தி அனுபவம் சொல்ல வைக்கிறது, இதுக்கெல்லாம் பலன் இல்ல, சிலநேரம் ஆர்வத்த கிளப்பி விட்டுரும்.

பலன் குடுக்கிறதுன்னு அவங்க சொல்றது, பிள்ளைங்களுக்கு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா "எப்படி சமாளிக்கிறது"ன்னு பழக்கி விடுறது, அப்பா அம்மாவுக்கு பிள்ளையோட எப்படி பேசுறதுன்னு சொல்லிக் குடுக்கிறது, ஊரா சேர்ந்து நாலு பக்கமும் ஒரே நேரத்துல செய்றது. நான் என் வகுப்புல ஒன்னு செஞ்சேன். கூட்டாளி வந்து எப்படி கேப்பான்னு பேர் போடாம ஒரு துண்டுல எழுதச் சொன்னேன். பாதி துண்டுல "ஒருக்கா பாருடா, ஒன்னும் ஆவாது"ன்னு இருந்துச்சு. ஒரு துண்டுல மட்டும் "நீ வரலன்னா நாங்க உன்னோட வெளயாட மாட்டோம்"ன்னு கோணல் எழுத்துல எழுதியிருந்தான். மாத்திரை வேணும்னு அந்த பிள்ளை போகல தம்பி, கூட்டத்துல இருந்து கழட்டி விட்டுருவாங்களோன்னு போறான். அந்த எடத்துல என்ன பதில் சொல்லலாம்னு அவங்களயே நடிச்சு பார்க்க வச்சேன், நாலு வாரம் தொடர்ந்து. முதல் வாரம் சிரிச்சாங்க. மூணாவது வாரம் ஒருத்தன் "நான் அண்ணன்கூட கிரவுண்டுக்கு போறேன்னு சொல்லிருவேன்"னான். அதுக்கு ஒரு அண்ணனும் ஒரு கிரவுண்டும் வேணுமே!

இன்னொன்னு, மனசுல இருக்கிறத சொல்லிடறேன். சில வருசத்துக்கு முன்ன நான் வேலை செஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு பொடியன்கிட்ட மாவான்னு சொல்ற போதைப்பாக்கு பக்கட் இருந்துச்சுன்னு விடுகைப் பத்திரம் குடுத்து அனுப்பிட்டாங்க. நானும் கையெழுத்து போடுற எடத்துல வாய் திறக்காம நின்னேன். பள்ளிக்கூடம் இல்லாத பொடியனுக்கு நாள் முழுக்க என்ன இருக்கு சொல்லுங்க. உங்க பொடியன எக்காரணம் கொண்டும் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்த விடாதீங்க. பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பாங்க, அவங்கள போய் பாருங்க. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929.

மஸ்கெலியா 77:

பேசிக்கிட்டே இருந்தா இன்னும் பத்து பேர் கெட்டுருவாங்க. விக்கிறவனயும் போடுறவனயும் ஒன்னா புடிச்சு குடுங்க. நாங்க சின்னதுல அடி வாங்கிதான் வளர்ந்தோம், யாரும் கெட்டுப்போகல.

ராகலை அக்கா:

அண்ணன், நீங்க சொல்றது கோவத்துல சொல்றதுன்னு புரியுது, ஆனா எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். என் தம்பி ஓலெவல் எழுதிட்டு ரிசல்ட் வர்றதுக்குள்ள கொழும்புக்கு கடை வேலைக்கு போனான், அந்த இடைவெளிதான் எங்கள அழிச்சுச்சு. 12 பேர் ஒரு ரூம்ல தூங்குற எடம், அங்கதான் தூள், அதான் ஹெரோயின், பழகினான். தீபாவளிக்கு வந்தப்ப மெலிஞ்சிருந்தான், அம்மா வேலை கஷ்டம்னு நினைச்சு கோழி அடிச்சு போட்டுச்சு. பொங்கலுக்கு வந்தப்ப ரைஸ் குக்கர் காணோம். பிறகு அம்மா தோடு. அப்ப ஒரு நாள் பேருக்கு, அதான் நாள் சம்பளம், 1000 ரூபா, மழையில சாக்கு கட்டிக்கிட்டு கொழுந்து எடுத்து அம்மா கொண்டு வர்ற காசுல பாதிய அவன் கையில வச்சிச்சு, குடுக்கலன்னா அவன் படுற பாட்ட பார்க்க முடியாம.

அடிச்சோம். மாமா வந்து தூண்ல கட்டி அடிச்சாரு. அவன் கொழும்புக்கே ஓடிட்டான், அங்க புடிபட்டு ரிமான்டுக்கு போனான், உள்ள போகும்போது அவனுக்கு ஒரே ஒரு விக்கிறவனதான் தெரியும், வெளிய வரும்போது ஆறு பேர தெரியும். விக்கிறவன புடிச்சு குடுக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. 15 வயசு பிள்ளைய அதே கயித்துல கட்டாதீங்க.

கடைசியா ஒரு மிட்வைஃப் அக்கா சொல்லித்தான் 1927க்கு எடுத்தேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையோட நம்பர். எப்படி பேசுறதுன்னு தெரியாம போன வச்சுக்கிட்டு அழுதேன், அவங்க பொறுமையா கேட்டாங்க. கண்டியிலயும் அவங்களுக்கு சிகிச்சை நிலையம் இருக்கு. தம்பி ரெண்டு தடவ திரும்ப விழுந்தான், ரெண்டு தடவயும் நாங்க திரும்ப கூட்டிட்டு போனோம், இப்ப 14 மாசம் ஆகுது.

ஆனா ஆஸ்பத்திரி அவன பாதிதான் காப்பாத்துச்சு. மீதிய காப்பாத்தினது மாசி மாசம் நடந்த காமன் கூத்து, காமன் ரதி கதைய தோட்டத்து ஆளுங்களே ஆடுற கூத்து. லயத்துல எல்லாரும் தூள் போடுறவன்னு சொல்ற மாதிரி குடுக்காரன் குடுக்காரன்னு பேர் வச்சிருந்தாங்க, சின்ன பிள்ளைங்க கூட. எங்க கூத்து மாஸ்டர் ஒரு வயசான ஐயா, அவர் மட்டும் வீட்டு வாசல்ல வந்து நின்னு "டேய், தப்பு மேளம் அடிக்க ஆள் இல்லடா, உங்க அப்பன் கை உனக்கு இருக்கும், வா"ன்னு கூப்பிட்டாரு. வேற ஒன்னும் கேக்கல. விரதம் இருந்து ராத்திரி ராத்திரியா காமன் பொட்டல்ல பழகினான். தப்ப நெருப்புல காய்ச்சி பதம் பார்க்கிறப்ப அவன் கை நடுங்கிச்சு, ஐயா அந்த கைய புடிச்சுக்கிட்டாரு, நான் லயத்து வாசல்ல நின்னு பார்த்தேன்.

லிந்துலை தோழர்:

நாங்க செஞ்சு பார்த்தோம் தம்பி, முழுசா வெற்றின்னு சொல்ல மாட்டேன், ஆனா மூணு வருசமா ஓடுது.

ஆறு பேர் உக்காந்து முதல்ல செஞ்ச வேலை, தோட்டத்த ஒரு தாள்ல கீறி எந்த எடத்துல எந்த நேரத்துல பிள்ளைங்க பெரியவங்க கண்ணுல படாம இருக்காங்கன்னு பார்த்தோம். பள்ளிக்கூடம் விட்டு வர்றது 2 மணி, அம்மாமாருங்க மலையில இருந்து இறங்கி கொழுந்து நிறுத்துட்டு வர 5 ஆயிரும், வந்ததும் தண்ணி, விறகு, சமையல். அப்பாமாருங்க டவுன்ல. இதுல 4ல இருந்து 7 வரைக்கும்தான் ஆபத்து. எங்க பிரச்சின மாத்திரைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், தாள்ல பார்த்தா அந்த மூணு மணித்தியாலம்தான் பிரச்சினையா தெரிஞ்சுச்சு.

அதனால அந்த மூணு மணித்தியாலத்த புடிச்சோம். வேலைக்கு போறவங்க கைப்பிள்ளைய விட்டுட்டு போற பிள்ளை மடுவம் பின்னேரம் சும்மாதானே கெடக்கு, வெல்பெயார் ஆபீசர் மூலமா தோட்டத்து மெனேஜர் துரைகிட்ட எழுத்துல கேட்டு சாவி வாங்கினோம். ஏலெவல் படிக்கிற பிள்ளைங்க சின்னவங்களுக்கு கணக்கும் சிங்களமும் சொல்லிக் குடுக்கும். வெளிய வொலிபோல் நெட், ஒரு பெரிய பல்ப். முதல் மூணு மாசம் ஏழு பேர்தான் வந்தாங்க, அதுவும் வழக்கமா நல்லா இருக்கிற பிள்ளைங்க. நமக்கு வேண்டியவனுங்க மதகுல உக்காந்து பார்த்துக்கிட்டு இருப்பானுங்க. அவனுங்கள "வாங்கடா"ன்னு கூப்பிட்டா வரல. நெட் கட்டுறதுக்கு கம்பம் நட ஆள் வேணும்னு கேட்டோம், அப்ப வந்தானுங்க. கம்பத்த நட்டவன் அடுத்த நாளும் கம்பம் சாஞ்சிருக்கான்னு பார்க்க வருவான், அதுல இருந்துதான் ஆரம்பம். இப்ப பல்ப் போடுறது, பந்துக்கு காத்து அடிக்கிறது, வரவு எழுதுறது எல்லாம் அவனுங்க பொறுப்பு.

பொம்பளப் பிள்ளைங்கள மறந்துறாதீங்க. நாங்க மறந்தோம். அதுங்களுக்கு தம்பி தங்கச்சிய பார்க்கிற வேலை, அதுங்க வரணும்னா சின்னதுகளயும் தூக்கிட்டு வர விடணும். கரைச்சல்தான், சத்தம்தான், பரவாயில்ல.

கடைகளுக்கும் ஒவ்வொரு கடையா போய் பேசினோம், சண்டைக்கு போகல, மாதர் சங்கத்து அம்மாமாருங்கதான் போனாங்க. 21 வயசுக்கு கீழ யாருக்கும் சிகரட், சாராயம் விக்க கூடாதுன்னு 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்க சட்டத்துலயே இருக்கு. அத அச்சடிச்சு குடுத்தோம். கணக்கு வச்சு சாமான் வாங்குற அம்மாவே வந்து நின்னு "என் பிள்ளைக்கு விக்காதீங்க தம்பி"ன்னு சொல்றப்ப கடைக்காரருக்கு மறுக்க முடியல, நாங்க இளைஞர்கள் போயிருந்தா அடிதடிதான் ஆகியிருக்கும். மாத்திரைய டவுன்ல வெட்டி விக்கிறவனயும் நீங்க தனியா போய் கேக்காதீங்க, பத்து பதினஞ்சு பெற்றோர் கையெழுத்தோட சுகாதார வைத்திய அதிகாரி ஆபீசுக்கும் பொலிஸுக்கும் ஒரே கடிதமா குடுங்க.

ஒரு தடவ எல்லாமே ஒடஞ்சு போச்சு. தேர்தல் நேரம் ஒரு கட்சிக்காரங்க டீசர்ட்டும் பந்தும் கொண்டு வந்து குடுத்தாங்க, மத்த தொழிற்சங்கத்து வீட்டு பிள்ளைங்க அடுத்த நாள்ல இருந்து வரல. டீசர்ட்ட திருப்பி குடுத்துட்டு ரெண்டு சங்கத்து தலைவருக்கும் ஒரே நாள்ல வீட்டுக்கு போய் சொல்லி, திரும்ப எல்லாரும் வர நாலு மாசம் எடுத்துச்சு. பந்து நீங்களே சீட்டு புடிச்சு வாங்குங்க.

டிக்கோயா நர்ஸ்:

ஒரு முக்கியமான விசயம், யாரும் சொல்லல. அந்த கெப்சியூல ரொம்ப நாளா, கூடுதலா போடுற பொடியன வீட்டுல அடைச்சு வச்சு ஒரேயடியா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், டொக்டர் சொல்லி படிப்படியா குறைக்கணும். கசிப்போடயோ தூக்க மாத்திரையோடயோ சேர்த்து போட்டா மூச்சு மெதுவாகி ஆபத்து, மயங்கி கெடந்தா ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வச்சு உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு வாங்க, என்ன போட்டான்னு மறைக்காம சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல விழுந்த பொடியன யாராவது கிளினிக்குக்கு கூட்டிட்டு போனாங்களா? இல்லன்னா இந்த வாரமே போங்க. மனசு சம்பந்தமா ராத்திரியில பேச ஆள் வேணும்னா 1926 இருக்கு.

ஹெரோயின் பழகி கொஞ்ச நாள் நிறுத்தினவங்க வீட்டுக்காரங்களும் கவனிங்க, ஒடம்பு பழைய அளவ தாங்காது, திரும்ப விழுற அன்னைக்கு பழைய அளவ எடுத்தா உயிர் போயிரும். அக்கா தம்பிக்கு தெரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்காக சொல்றேன்.

பேராதனை மாணவன்:

லிந்துலை அண்ணன் சொன்ன 4ல இருந்து 7 கணக்க படிச்சதும் ஐஸ்லாந்து ஞாபகம் வந்துச்சு. அங்க 1998ல 15, 16 வயசு பிள்ளைங்கள்ல நூத்துக்கு 42 பேர் முந்தின ஒரு மாசத்துல வெறி ஏறுற அளவுக்கு குடிச்சவங்க, 2016ல அது 5. தினமும் சிகரட் குடிக்கிறது 23ல இருந்து 3. அவங்க செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதான்: எல்லா பிள்ளைங்ககிட்டயும் பேர் இல்லாத வினாக்கொத்து குடுத்து, அந்தந்த ஊர் பதில அந்தந்த ஊருக்கே திருப்பி குடுத்தாங்க, விளையாட்டு, இசைக்கு நல்லா பழக்கின கோச் போட்டாங்க, பெற்றோர் எல்லாரும் சேர்ந்து ராத்திரி பிள்ளைங்க வெளிய சுத்துறத்துக்கு நேரக் கட்டுப்பாட்ட காப்பாத்தினாங்க. ஒரு அப்பா மட்டும் கண்டிச்சா அவர் கெட்ட அப்பா, ஊர்ல எல்லா அப்பாவும் ஒரே நேரம் சொன்னா அது பழக்கம். அவங்ககிட்ட காசு இருந்துச்சு, அது உண்மை. ஆனா நம்ம லயத்துல எந்த வீட்டு பிள்ளை எத்தன மணிக்கு வந்துச்சுன்னு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கே தெரியும், அது அவங்களுக்கு கெடயாது.

வினாக்கொத்து நான் தமிழ்ல செஞ்சு அனுப்புறேன் அண்ணன். ஒரு பக்கம்தான். நிரப்பின தாள கொமிட்டி ஆள் கையில குடுக்க வேணாம், பூட்டின பெட்டில போடட்டும், கையெழுத்த வச்சு கண்டுபுடிச்சிருவாங்கன்னு பயம் இருந்தா பொய்தான் எழுதுவாங்க, அதனால கோடு போடுற மாதிரி மட்டும் வைக்கிறேன்.

பொகவந்தலாவ பொடியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு நாளா திரும்ப திரும்ப படிச்சேன், பெரியம்மாவுக்கும் வாசிச்சு காட்டினேன்.

நர்ஸ் அக்கா, விழுந்த பொடியன நேத்து கிளினிக்குக்கு நானும் அவங்க அம்மாவும் கூட்டிட்டு போனோம். அரைநாள் பேர் போச்சுன்னு அந்த அம்மா ஒரு வார்த்த சொல்லல.

எங்க பெரியம்மா பேரனோட மதகுல உக்காந்து பேசினேன். மாத்திரைய பத்தி நான் கேக்கல, அவனாதான் சொன்னான். அவங்க அம்மா குவைத் போய் ஒன்றரை வருசம், ராத்திரி அங்க வேலை முடிஞ்சு அம்மா கோல் எடுக்கிற நேரம் இங்க நடுச்சாமம், அதுவரைக்கும் போன நெஞ்சுல வச்சுக்கிட்டு முழிச்சிருப்பானாம், அம்மா எடுக்காத நாள்ல தூக்கமே வராதாம், கூட்டாளி "இத போட்டா தூங்கலாம்"னு குடுத்திருக்கான். நாங்க அவ்ளோ பெரிய பேனர் கட்டினோம், இந்த ஒரு கேள்விய யாரும் அவன்கிட்ட கேக்கல. இப்ப அவன் ராத்திரி எங்க வீட்டுல படுக்கிறான், அவங்க அம்மாகிட்டயும் பேசி ஞாயித்துக்கிழம பகல்ல கோல் எடுக்க சொல்லியிருக்கேன். அடுத்த கிளினிக் நாள்ல இவனயும் கூட்டிட்டு போறேன்.

சனிக்கிழம பின்னேரம் மாதர் சங்கத்து ரெண்டு பேர், ரெண்டு தலைவர், நான், பிள்ளை மடுவத்து சாவி கேட்டு துரைகிட்ட போறோம். கடிதம் எழுதியாச்சு. எங்க கோயில்லயும் முன்ன தப்பு செட் இருந்துச்சு, அடிச்ச தாத்தா போனதோட பரண்ல கெடக்கு, தோல் நல்லாத்தான் இருக்கு. ராகலை அக்கா, கேக்க கூச்சமா இருக்கு, உங்க தம்பி வந்து நாலு ஞாயித்துக்கிழம இவனுங்களுக்கு அடிக்க சொல்லிக் குடுப்பாரா?

ராகலை அக்கா:

அவன்கிட்ட கேட்டேன். டீச்சர் சொன்னதயும் காட்டினேன். "நான் அங்க வந்து என் கதய எல்லாம் பேச மாட்டேன், அடிக்க மட்டும் சொல்லிக் குடுக்கிறேன்"ங்கிறான். வெறகு காஞ்சதா வைக்க சொல்றான், ஈர வெறகுல தோல் சரியா காயாதாம். ஹட்டன்ல இருந்து உங்க பக்கம் கடைசி பஸ் எத்தன மணிக்கு?

பொகவந்தலாவ பொடியன்:

கடைசி பஸ் வேணாம் அக்கா, ஹட்டன்ல கடைக்கு வரச் சொல்லுங்க, நானே கூட்டிட்டு போறேன். ராத்திரி எங்க வீட்டுல தங்கட்டும், பெரியம்மா இப்பவே அரிசி ஊறப்போடணுமான்னு கேக்குது. காஞ்ச வெறகு பொடியன்கள தேடச் சொல்லியிருக்கேன்.